பத்து மணிக்கு ஃபோன் எங்கே இருந்தது?

போன ரெண்டு எபிசோடும் கேஷ், டேட்டாபேஸ்னு ஒரே டெக்னிக்கலா போயிடுச்சு. "எங்க அம்மாவும் கேக்குற மாதிரி ஒண்ணு பேசுங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். இன்னைக்கு கோட் கிடையாது. 2020-ல எங்க வீட்டுத் திண்ணையில நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போறேன். அதுல நான் நல்லவன் இல்லை. அதை முதல்லயே சொல்லிடுறேன்.

எங்க ஊர் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவுல இருக்கிற சின்ன ஊர். தாமிரபரணியிலிருந்து பிரியுற கன்னடியன் கால்வாய்த் தண்ணியில விளையுற பகுதி. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை, கொரோனா வந்துடுச்சு. மார்ச் மூணாவது வாரம் சென்னையிலிருந்து மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்தேன். 24-ஆம் தேதி ராத்திரி லாக்டவுன் அறிவிச்சாங்க. மொபைல் டேட்டாவை வச்சு ஆபீஸ் வேலை ஓடாதுன்னு ரெண்டு வாரத்துல தெரிஞ்சுபோச்சு. கேபிள் அண்ணாச்சியைப் பிடிச்சு, கெஞ்சி, மெயின் ரோட்டிலிருந்து ஒரு ஃபைபர் லைன் இழுத்தேன். எங்க தெருவுல அதுதான் முதல் லைன்.

ஜூன்ல ஆன்லைன் கிளாஸ் ஆரம்பிச்சதும் தெருப்பிள்ளைங்க நாலு பேர் எங்க வீட்டுத் திண்ணைக்கு வர ஆரம்பிச்சாங்க. பாஸ்வேர்டை நான்தான் கொடுத்தேன். பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. முகத்துல மாஸ்க்கு, மடியில நோட்டு, நாலு பேரும் ஆளுக்கொரு தூண்ல சாய்ஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதுல ஒரு பிள்ளை அடுத்த வீட்டு அக்காவோட மக. ஒன்பதாம் வகுப்பு, தனியார் பள்ளி. அந்த அக்கா பீடி சுத்துறவங்க. அவங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறார்.

வீட்டுல ஸ்மார்ட்ஃபோன் இருக்கான்னு அந்த அக்காகிட்ட யாராவது சர்வே எடுத்திருந்தா, "இருக்கு"ன்னுதான் சொல்லியிருப்பாங்க. உண்மைதான், ஒண்ணு இருந்துச்சு. ஆனா அது காலைல ஏழு மணிக்கு ஆட்டோவோட கிளம்பிப் போயிடும். லோடு இருக்குன்னு கூப்பிடுறதே அந்த நம்பருக்குத்தான், அதை வீட்டுல வச்சுட்டுப் போனா அன்னைக்குப் பொழப்பு இல்லை. ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்பி வரும். கிளாஸ் காலைல பத்து மணிக்கு.

2020 செப்டம்பர்ல ஏசர் அமைப்பு ஒரு கணக்கெடுப்பு எடுத்தாங்க. கிராமப்புற இந்தியாவுல, பள்ளியில படிக்கிற பிள்ளைங்களோட வீடுகள்ல ஸ்மார்ட்ஃபோன் இருக்கிறது 2018-ல 36.5 சதவீதம். அது 2020-ல 61.8 சதவீதம் ஆயிடுச்சு. ரெண்டே வருஷத்துல பெரிய தாவல்தான், மறுக்கலை. ஆனா அந்த 61.8-க்குள்ள எங்க அடுத்த வீடும் வந்துடும். ராத்திரி எட்டுக்கு மேல இருக்கிற ஃபோனும் கணக்குல ஒண்ணுதான். (இன்னொண்ணு, ஊரடங்கு நேரம்கிறதால அந்தக் கணக்கெடுப்பையே ஃபோன் வழியாத்தான் எடுத்தாங்க. ஃபோனே இல்லாத வீட்டுல யார்கிட்ட கேட்டிருப்பாங்க?)

சரி, அந்தப் பிள்ளை எதை வச்சுப் படிச்சான்னு கேப்பீங்க. அவ மாமா வேண்டாம்னு போட்டிருந்த பழைய ஃபோன் ஒண்ணு. ஸ்க்ரீன்ல மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். அதுல சிம் கிடையாது. வைஃபை கிடைச்சா வேலை செய்யும், இல்லேன்னா கடிகாரம், அவ்வளவுதான். சிம் போடலாமேன்னு நானே ஒருதடவை கேட்டேன். அப்போ ஜியோல 199 ரூபாய்க்கு 28 நாள், ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. 28 நாள்ங்கிறது மாசம் கிடையாது, அப்படிப் போட்டா வருஷத்துக்குப் பதிமூணு தடவை வரும். அந்த அக்கா சொன்னாங்க: "தம்பி, நாள்பூரா சொளவோட உக்காந்தாலும் எனக்கு இருநூறு தேறாது. இருக்கிற ஒரு நம்பருக்கே அவரு போட முடியாமக் கெடக்காரு." லாக்டவுன் ஆரம்பத்துல பீடி வேலையே நின்னுபோயிருந்துச்சு. அந்தக் கடனை அப்போதான் அடைச்சுக்கிட்டு இருந்தாங்க.

அப்படியே ரீசார்ஜ் பண்ணாலும் அந்த 1.5 ஜி.பி. எவ்வளவு தாங்கும்? ஒரு மணி நேர வீடியோ கிளாஸ் சில நூறு எம்.பி. எடுக்கும். நாலு பீரியட் முடியறதுக்குள்ள அன்னைக்கு உள்ளது காலி. அதுக்கப்புறம் வேகம் 64 கே.பி.பி.எஸ்ஸுக்கு இறங்கிடும். அதுல டீச்சர் முகம் கட்டம் கட்டமா உறைஞ்சு நிக்கும், சத்தம் வராது.

இப்போ என் கதை. ஆகஸ்ட்ல எனக்கு ஒரு பெரிய ரிலீஸ். தினமும் காலைல க்ளையன்ட் கால், அதுல என் குரல் விட்டு விட்டுப் போகுது. மேனேஜர் ரெண்டு தடவை, "உன் ஊர்ல நெட் சரியில்லைன்னா சொல்லிடு, வேற ஆளைப் போட்டுக்கிறோம்"னார். சேர்ந்து ஒரு வருஷம், வெளியில கூட்டம் கூட்டமா ஆட்களை வேலையை விட்டு அனுப்பிக்கிட்டு இருக்காங்க. நான் திண்ணையைப் பார்த்தேன். நாலு பிள்ளைங்க, நாலு வீடியோ. அன்னைக்கு ராத்திரி ரூட்டருக்குள்ள போய் பாஸ்வேர்டை மாத்திட்டேன்.

காலைல அந்தப் பிள்ளை வந்து வாசல்ல நின்னு, "அண்ணே, நெட்டு கனெக்ட் ஆகலையே"ன்னா. நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே "லைன் ப்ராப்ளம்மா, எனக்கும் வரலை"ன்னு சொன்னேன். சொல்லும்போது காதுல ஹெட்செட் இருக்கு, எதிர்ல ஆறு பேர் பேசிக்கிட்டு இருக்காங்க. அவ பார்த்தா. ஒண்ணும் சொல்லாம போயிட்டா.

அடுத்த நாளும் கால் உடைஞ்சுது. அதுக்கடுத்த நாளும். திண்ணையில ஒரு ஆளும் இல்லை, அப்படியும் உடைஞ்சுது. நான் இன்ஜினியரிங் படிச்சவன், முதல்ல லாகைப் பார்த்திருக்கணும். பார்க்கலை. கடைசியில அண்ணாச்சி வந்து தெருமுனைக் கம்பத்துல ஏறிப் பார்த்துட்டு, மழையில ஜாயின்ட் போயிருக்குன்னு சொன்னார், சரி பண்ணினார். பிள்ளைங்களால எதுவும் ஆகவே இல்லை. அது தெரிஞ்ச பிறகும் நான் உடனே பாஸ்வேர்டைக் கொடுக்கலை. போய்ச் சொல்றதுக்கு வெட்கம். மொத்தம் ஒரு பத்து நாள் ஓடிப்போச்சு. கொடுத்தப்போ மத்த மூணு பேரும் வந்தாங்க. அவ வரலை. கணக்குல எங்கேயோ தூரத்துல போயிட்டாங்கண்ணே, ஒண்ணும் புரியலைன்னு சொன்னா. அந்தப் பள்ளியில லைவ்ல வந்தாத்தான் அட்டெண்டன்ஸ், ரெக்கார்டிங்கெல்லாம் கிடையாது.

இதை நான் ரொம்ப நாள் என்னோட தப்புன்னு மட்டும்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். தப்புதான். ஆனா ஒரு பிள்ளையோட படிப்பு அடுத்த வீட்டுக்காரன் மூடுல தொங்குற மாதிரி அந்த ஏற்பாட்டையே ஏன் வச்சாங்க? அதைப் புரிஞ்சுக்க எனக்கு எங்க ஊர் வாய்க்கால்தான் உதவுச்சு.

எங்க பக்கம் சில வயலுக்கு நேரடியா கால்ல இருந்து தண்ணி பாயும். மத்ததுக்குக் கால்த்தண்ணி முதல்ல குளத்துக்குப் போய் நிறையும், அப்புறம் மடையைத் திறந்து முறை வச்சுப் பாய்ச்சுவாங்க. நேரடிப் பாசனத்துல தண்ணி வர்ற நேரத்துக்கு ஆள் மம்பட்டியோட வரப்புல நிக்கணும். நிக்கலைன்னா தண்ணி போயிடும். குளத்துப் பாசனத்துல அந்த அவசரம் இல்லை, தேங்கி நிக்குது, நம்ம முறைக்குத் திறந்துக்கலாம். லைவ் கிளாஸ் நேரடிப் பாசனம். பத்து மணிக்கு ஃபோன், நெட்டு, கரண்ட்டு, பிள்ளை நாலும் ஒரே இடத்துல கூடணும். ஒண்ணு தவறினாலும் அந்தப் பாடம் போச்சு. தேங்கி நிக்கிற பாடமா இருந்தா, ராத்திரி எட்டு மணிக்கு அப்பா ஃபோன் வந்ததும் எடுத்துக்கலாமே. பத்து நிமிஷ வாய்ஸ் நோட் ஏறக்குறைய ரெண்டு எம்.பி.தான் வரும். 64 கே.பி.பி.எஸ்ல கூட நாலஞ்சு நிமிஷத்துல இறங்கிடும்.

தமிழ்நாட்டுல இதைப் புரிஞ்சு செஞ்ச வேலைகளும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்லை. 2020 ஜூலையில அரசுப் பள்ளி பன்னெண்டாம் வகுப்புப் பிள்ளைங்களோட இலவச லேப்டாப்ல வீடியோ பாடங்களை ஏத்திக் கொடுத்தாங்க. ஒருதடவை ஏத்தினா போதும், அப்புறம் வீட்டுல நெட்டே வேண்டாம். எங்க துறையில இதைக் கேலியா "செருப்பு நெட்வொர்க்"னு சொல்லுவோம், டேட்டாவை மனுஷன் நடந்தே கொண்டுபோறது. கேலி பண்ண ஒண்ணும் இல்லை, பல நேரம் அதுதான் வேகமானது. அப்புறம் கல்வித் தொலைக்காட்சி. அது கொரோனாவுக்காக வந்தது இல்லை, 2019 ஆகஸ்ட் 26-லயே தொடங்கியாச்சு. பக்கத்துல கேரளாவுலயும் 2020 ஜூன் 1-ல விக்டர்ஸ் சேனல் வழியா டிவி வகுப்புதான். டிவியில பத்து பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் ஒரே அலைதான், பார்க்கிற வீட்டுக்கு ஒரு எம்.பி.கூடச் செலவாகாது. வீடியோ கால்ல தலைக்குத் தலை தனித்தனியா அனுப்பணும். எல்லாருக்கும் போகணும்னா டிவிதான் சரியான டிசைன், என் கருத்து இது. குறை என்னன்னா, டிவிகிட்டச் சந்தேகம் கேக்க முடியாது.

எங்க ஊராவது டவர் இருக்கிற ஊர். ஆத்தோட தலைப்பக்கம், பாபநாசத்துக்கு மேல முண்டந்துறைக் காட்டுக்குள்ள போனா சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறுன்னு காணி மக்களோட குடியிருப்புகள் இருக்கு. இஞ்சிக்குழிக்கு காரையார் அணையைப் படகுல தாண்டிப் போகணும். அங்கெல்லாம் ரீசார்ஜுக்குப் பணம் இருக்காங்கிற கேள்வியே அப்புறம்தான், முதல்ல சிக்னல் வேணும். தாமிரபரணித் தண்ணிக்கு அவங்கதான் தலைமடை. சிக்னலுக்குக் கடைமடை. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டுன்னு பாளையங்கோட்டைக்குப் பேரு. அதே மாவட்டம்தான்.

மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். 2021 பிப்ரவரியில ஒன்பது, பத்து, பதினொண்ணு எல்லாருக்கும் ஆல் பாஸ் போட்டாங்க. அந்தப் பிள்ளையும் பாஸ். ஃபீஸ் கட்ட முடியாம அக்கா அவளை அரசுப் பள்ளிக்கு மாத்தினாங்க. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்கவே நிறைய பிள்ளைங்க அப்படி மாறினாங்க. செப்டம்பர் 1-ல பள்ளி திறந்தப்போ, ஒன்பதாங்கிளாஸ் கணக்கு தெரியாமப் பத்தாங்கிளாஸ்ல போய் உக்காந்தா. அவ தம்பிக்கு அந்தப் பிரச்சினை கொஞ்சம் குறைவு. அக்டோபர் கடைசியில இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சு, எங்க தெருவுலயே டிகிரி முடிச்ச ஒரு பொண்ணு மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தா. ஆனா அது எட்டாவது வரைக்கும்தான். அக்கா மக அதுக்குப் பெரியவ ஆயிட்டா.

2022 பொதுத்தேர்வுல கணக்குல 41. ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கணும்னு சின்ன வயசிலிருந்தே சொல்லிக்கிட்டு இருந்தவ, காமர்ஸ் எடுத்தா. இப்போ பி.காம் ரெண்டாம் வருஷம், நல்லாப் படிக்கிறா. 41-க்கு நான்தான் காரணம்னு சொன்னா, அது நான் என்னையே பெரிய ஆளாக்கிக்கிறதாயிடும். ஒரு வருஷத்துல எத்தனை கிளாஸ் போச்சோ, அதுல என் கணக்குல சில நாள். அந்தச் சில நாள் என்னோடதுதான்.

இந்த எபிசோடைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி ஊருக்குப் போயிருந்தேன். பேர் சொல்ல மாட்டேன், இதைப் பேசலாமான்னு அவகிட்ட கேட்டேன். பாஸ்வேர்டு மாத்தினதை அப்போதான் முதல் தடவையா வாய்விட்டுச் சொன்னேன். அவ சிரிச்சா. அவளுக்கு அன்னைக்கே தெரியும். நான் எழுதி வச்சிருந்த குறிப்பைப் படிச்சுக் காமிச்சேன். பாதியில நிறுத்தி, "பேசிக்கோங்கண்ணே. ஆனா பத்து நாள் இல்ல, பன்னெண்டு நாள்"னா.