பூத்தையலும் பதிப்புரிமையும்



எனக்கு அறிமுகமான ஆசிரியை ஒருவர், இளைப்பாறிய பின்னர் குறுக்குத்தையலுக்கான கட்டப்படங்கள் வரைவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். மயில் ஒன்றின் படத்தை மூன்று மாதம் முயன்று வரைந்தார். கட்டம் கட்டமாக நிறம் குறித்தார். தாமே தைத்துப் பார்த்துப் பிழை திருத்தினார். பின்னர் பிரதி ஒன்று 200 ரூபா வீதம் விற்றார். ஏழு பிரதிகள் விலைபோயின. அதன்பின் ஒரு கலியாண வீட்டிற்குச் சென்றவர், அங்கு வந்திருந்த பெண்கள் பலரும் அதே மயிலைத் தைத்துக்கொண்டிருப்பதை அவர்களுடைய பேச்சிலிருந்து அறிந்தார். வாங்கியவர்களுள் ஒருத்தி அதனை நிழற்பிரதி எடுத்துத் தன் தையல் வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிட்டாளாம். தாளின் அடியிலிருந்த ஆசிரியையின் பெயர் மாத்திரம் கத்தரிக்கப்பட்டிருந்தது.

"காசு போனாற் போகட்டும், தம்பி, என் பெயரை ஏன் வெட்டினார்கள்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

கொடுத்தவள் களவு செய்வதாக எண்ணியிருக்க மாட்டாள். அயல்வீட்டாருக்குக் கறிவேப்பிலை கொடுப்பது போலவே அதனையும் கொடுத்திருப்பாள். ஆயினும் சட்டம் இதனை வேறு விதமாக நோக்குகின்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒருவர் தம் சொந்த முயற்சியால் ஆக்கிய சித்திரத்திற்கு, அது ஆக்கப்பட்ட அக்கணமே பாதுகாப்பு உண்டாகிறது. எவ்விடத்தும் பதிவு செய்யவேண்டியதில்லை. அவ்வுரிமை ஆக்கியோனின் ஆயுட்காலம் முழுவதும், அவர் மறைந்தபின் மேலும் 70 ஆண்டுகளும் நிலைக்கும். பிரதி செய்யும் உரிமை ஒன்று. ஆக்கியோன் இன்னார் என்று குறிக்கப்பெறும் உரிமை மற்றொன்று. ஆசிரியையின் மனத்தை வருத்தியது இவ்விரண்டாவது உரிமையின் இழப்பே.

இனி, சகோதரிகள் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மாதிரித்தாள் ஒருவருடையதாயின், அதைப் பார்த்துப் பின்னிய சட்டையும் அவருடையதா? இங்கேதான் கவனம் வேண்டும். எண்ணங்களுக்கும் செய்முறைகளுக்கும் பதிப்புரிமை இல்லையென்று நமது சட்டமே கூறுகின்றது. சங்கிலித்தையலும் காம்புத்தையலும் எவருக்கும் சொத்தல்ல. 1963ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில நீதிமன்றத்தில், கணக்குக் கற்பிக்கும் வண்ணக் கோல்களைப் பற்றி ஒரு வழக்கு நடந்தது. கோல்களை விவரிக்கும் நூலில் உரிமையுள்ளவர், அந்த விவரத்தின்படி கோல்களைச் செய்வதையும் தடுக்க முயன்றார். அவ்வாறு தடுக்க முடியுமாயின், திருமதி பீட்டனின் சமையல் நூலைப் பார்த்து முயற்கறிப் பணியாரம் செய்பவர்களெல்லாம் குற்றவாளிகளாவார்களே என்ற கருத்தை நீதிபதி எடுத்துக்காட்டினார். 1982இல் இங்கிலாந்தில், பின்னல் வழிகாட்டி ஒன்றைப் பற்றிய வழக்கிலும் இவ்வாறே முடிவாயிற்று. சொற்களாலும் இலக்கங்களாலும் எழுதிய குறிப்பைப் பின்பற்றி ஆடை பின்னுவது, அந்த எழுத்தைப் பிரதி செய்வதாகாது. அந்நாட்டுத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தா எனினும், விடயம் விளங்குவதற்கு உதவுகின்றன.

ஆனால் எழுத்துக் குறிப்பு வேறு; சித்திரம் வேறு. மயிலின் கட்டப்படம் ஒரு சித்திரமே. அதனைத் துணியில் தைக்கும்போது அச்சித்திரமே நூலால் மீண்டும் தோன்றுகின்றது. வாங்கியவள் தன் வீட்டுச் சுவருக்காகத் தைப்பதற்கென்றே அது விற்கப்பட்டது, அதில் தடையேதுமில்லை. நூறு தலையணை உறைகளில் தைத்துக் கடைக்கு அனுப்புவதாயின், வரைந்தவரைக் கேட்டே ஆகவேண்டும்.

"என் சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுத்தால் என்ன?" என்பீர்கள். நியாயமாகப் பெற்ற வெளியீட்டிலிருந்து தனிப்பட்ட தேவைக்கு ஒரேயொரு பிரதி எடுக்கச் சட்டம் இடந்தருகின்றது. ஆயினும் ஒரு புத்தகம் முழுவதையுமோ அதன் பெரும்பகுதியையோ நிழற்பிரதி எடுக்க அது இடந்தருவதில்லை. வகுப்பிற்கு இருபது பிரதி எடுப்பது தனிப்பட்ட தேவையும் அன்று.

பிறர் வரைந்த படங்களைக் கட்டப்படமாக மாற்றுவதிலும் இதே சிக்கல் உண்டு. ராஜா ரவிவர்மா 1906இல் மறைந்தார். அவருடைய சரஸ்வதியையும் லட்சுமியையும் இன்று எவரும் அச்சமின்றித் தைக்கலாம். சென்ற ஆண்டு அச்சான நாட்காட்டியில் இன்றைய ஓவியர் ஒருவர் வரைந்த முருகன் அப்படியல்ல. படத்தைக் கட்டங்களாகப் பிரித்ததனால் அது நம்முடையதாகிவிடாது. குழந்தைகளின் சட்டையில் தைக்கப்படும் மிக்கி எலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1928இல் வெளிவந்த அதன் பழைய உருவத்திற்கு அமெரிக்காவில் இருந்த பதிப்புரிமை 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவெய்தியது. பிற்காலத்து உருவங்களுக்கு அது பொருந்தாது. வணிகக்குறி உரிமை என்பதும் தனியே உண்டு. எலியை நம்பி வியாபாரம் தொடங்குபவர்கள் சற்று யோசிப்பது நல்லது.

நம் பாட்டிமார் இட்ட புள்ளிக் கோலங்களுக்குத் தனியொரு சொந்தக்காரர் இல்லை. வாசலில் இடுவதற்கும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கும் எவர் தடைசொல்வார்? எனினும், நாட்டார் கலை வெளிப்பாடுகளை அவற்றின் மரபுச் சூழலுக்கு அப்பால் வாணிப நோக்குடன் பயன்படுத்துவதற்கு நமது சட்டம் தனி விதி வகுத்துள்ளது என்பதைக் கைப்பணி வணிகர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆசிரியையின் கதைக்கு வருகிறேன். வழக்குத் தொடரும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. மயிலுக்காக நீதிமன்றம் ஏறினால் ஊர் சிரிக்கும் என்றார். அவர் செய்தது வேறு. இப்பொழுது ஒவ்வொரு தாளின் தலைப்பிலும், "வீட்டுக்காக எத்தனை தடவையும் தைக்கலாம், தாளைப் பிரதி செய்ய வேண்டாம், விற்பனைக்காயின் என்னைக் கேட்டுக்கொள்ளவும்" என்று எழுதுகின்றார். பெயரைத் தாளின் அடியில் எழுதுவதை விட்டுவிட்டார். மயிலின் தோகைக்கும் காலுக்கும் இடையே, கட்டங்களோடு கட்டங்களாகத் தம் பெயரின் முதலெழுத்தைப் பச்சை நூலில் அமைத்திருக்கின்றார். அதனை வெட்ட விரும்புபவர், மயிலின் ஒரு காலையும் சேர்த்தே வெட்டவேண்டியிருக்கும்.