நிற்கப் பிறந்தவர்களா நாம்?

(கடைச் சிப்பந்திகள் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டோம். "தெரிந்ததைப் பற்றிப் பேசுங்கள்" என்று சொன்னார்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் ஜவுளிக்கடையும் குதிகால் வலியும்தான். பதினான்கு வருஷ காலம் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் நின்றோம். 'வேலை பார்த்தோம்' என்று சொல்லாமல் 'நின்றோம்' என்று சொல்லுவதற்குக் காரணமுண்டு. அங்கே வேலை என்பது ஆள் வந்தால்தான் வரும். நிற்பது மாத்திரம் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை ஓயாமல் நடக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்கு அரைமணி. தீபாவளி மாதத்தில் அதிலும் பாதி போய்விடும்.

கீழே பளிங்குத் தரை. காலில் செருப்புக் கூடாது. ஏனென்றால் அது லட்சுமி வாசம் செய்யும் இடமாம்! புடவை வாங்க வருகிறவர் பூட்ஸுடன் ஏறி வந்தால் லட்சுமி கோபித்துக் கொள்ளுவதில்லை. விற்கிறவன் ஒரு ரப்பர் செருப்புப் போட்டால் மாத்திரம் எழுந்து ஓடிப்போவாள் போலும்.

பத்தாவது வருஷத்தில் வலி வந்தது. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி அடித்தது போலிருக்கும். சுவரைப் பிடித்து நாலு அடி நடந்தால் கொஞ்சம் தணியும். சாயங்காலம் ஆனதும் மறுபடியும் வந்துவிடும். நமது தாயார் ஜாதகத்தைத் தூக்கிக் கொண்டு போனார். ஜோசியர், ஏழரைச் சனியின் கடைசிக் கூறு, அதற்குப் பெயரே பாதச் சனி, ஆகையால் பாதத்தில் வலிக்கிறது என்று சொன்னார். எவ்வளவு சுலபமான வைத்திய சாஸ்திரம் பாருங்கள்! பெயரிலேயே வியாதியும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. எள் விளக்கும் போட்டோம், கணுக்காலில் கறுப்புக் கயிறும் கட்டினோம். இதை வெட்கத்தோடுதான் சொல்லுகிறோம்.

ஒருநாள் யோசித்தோம். நம்மோடு நின்ற அநேகருக்கு இதே வலி. அவர்களுக்கெல்லாம் ஒரே ராசியா? கல்லாவில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளைக்கு நமது ராசியேதான். அவருக்கு ஒரு வலியும் இல்லை. சனி பகவான் நாற்காலியில் இருப்பவனைத் தொடமாட்டாரா? அன்றே கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டுப் பதிந்தோம்.

டாக்டர் விளங்கச் சொன்னார். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரையில் பாதத்தின் அடியில் ஒரு கெட்டியான நார்ப்பட்டை இருக்கிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அது. கடினமான தரையில் மணிக்கணக்காக நின்றால், குதிகாலில் அது சேருமிடத்தில் நைந்து போகிறது. இரவில் தளர்ந்து சுருங்கிக் கிடந்தது காலையில் திடீரென்று இழுபடுவதால்தான் முதல் அடியில் அவ்வளவு வலி. இதற்கு 'பிளாண்டார் பாசியைட்டிஸ்' என்று பெயராம். எக்ஸ்ரேயில் எலும்பு முள் போல வளர்ந்திருந்தது. நாம் பயந்தோம். வலியே இல்லாத பேருக்கும் அது இருப்பதுண்டு, அறுத்தெடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதில் காசு செலவாகும் காரியம் அதிகமில்லை. எழுவதற்கு முன் படுக்கையிலேயே ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி மெதுவாக நம் பக்கம் இழுக்க வேண்டும். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் சதையை நீட்ட வேண்டும். தண்ணீர் உறையவைத்த பாட்டிலைப் பாதத்தின் கீழ் உருட்ட வேண்டும். மெத்தென்ற அடியுள்ள செருப்பு வீட்டுக்குள்ளும் போட வேண்டும். உடம்பு பெருத்திருந்தால் குறைக்க வேண்டும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், அதிகம் போனால் ஒரு வருஷத்திற்குள் வலி அடங்கிவிடுமாம். ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கொண்டால் அந்தப் பட்டையே அறுந்து போகக் கூடும் என்றும் எச்சரித்தார். கடைசியாக, 'நிற்பதைக் குறைக்கவும்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைச் சூபர்வைசரிடம் நீட்டினோம். "நிற்க முடியாதவனுக்கு ஜவுளிக்கடை எதற்கு?" என்று, வாங்க வந்தவர்கள் கேட்கும்படியாகவே சொன்னார். அவரும் பதினைந்து வருஷம் நின்று நின்று சூபர்வைசர் ஆனவர்தான். அன்று முதல் நொண்டாமல் நடக்கப் பழகினோம். காமிரா இருக்கும் பக்கம் சிரித்துக்கொண்டும், தூணுக்குப் பின்னால் போய் ஒற்றைக் காலில் நின்றும் காலம் தள்ளினோம்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். புதிதாக வந்த ஒரு பெண், ஆள் இல்லாத நேரத்தில் புடவைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "எழுந்திரம்மா! முதலாளி பார்த்தால் என்ன நினைப்பார்?" என்று அதட்டியது யார்? சூபர்வைசர் அல்ல. குதிகால் வலியோடு நின்ற நாம்தான்! அவள், "சரிங்கண்ணே" என்று எழுந்து நின்றாள். அன்றிரவு வீட்டுக்கு வந்து காலை ஐஸில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான், வியாதி காலோடு நிற்கவில்லை என்பது தெரிந்தது.

உட்கார்ந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்கிறார்கள். யாருமில்லாத கடையில் உட்காருவதால் எந்த வியாபாரம் கெடும்? சங்கதி வேறு. நம் கிராமங்களில் பண்ணையாருக்கு எதிரில் 'கீழ்ஜாதி'க்காரன் திண்ணையில் உட்காரக் கூடாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று வைத்திருந்தார்களல்லவா? அந்தத் திண்ணைதான் பளிங்கு போட்டுக்கொண்டு, குளிர்சாதனம் வைத்துக்கொண்டு பட்டணத்துக்கு வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1899-லேயே, கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேருக்கு ஒரு ஆசனமாவது போட வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். ஆண்களின் கால்கள் அவர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை, அது நிற்க. இங்கே, கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் 'பெண்கூட்டு' என்று சேர்ந்து, மூத்திரம் போக இடம் கேட்டார்கள். பிறகு உட்கார நாற்காலி கேட்டார்கள். கேரளத்தில் 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-ல் திருத்தி, 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சிப்பந்திகள் எல்லோருக்கும் தகுந்த ஆசன வசதி இருக்க வேண்டும், வேலைக்கிடையில் சமயம் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்து கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

சட்டம் வந்ததும் நமது கடையிலும் முக்காலிகள் வந்தன. இரண்டே நாளில் அவற்றின் மேல் ஜவுளிக் கட்டுகள் ஏறின. யாரும் இறக்கி வைக்கவில்லை; நாமும் இறக்கவில்லை. பிறகு ஒருநாள் அந்தப் பெண்தான் கட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நாமும் பக்கத்தில் உட்கார்ந்தோம். அந்த வாரக் கடைசியில் நம்மைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கும் முக்காலி இல்லை. இரண்டு மாதம் பொறுத்து, வேலையை விட்டோம். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

தொழிலாளர் துறை அதிகாரிக்கு ஒரு மனு எழுதி அந்த மேஜையில் வைத்திருக்கிறோம். கடைகளுக்கு வந்து முக்காலிகளையும், அவற்றின் மேல் என்ன இருக்கிறதென்பதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். நாம் சொன்னோம் என்பதற்காகக் கையெழுத்துப் போட வேண்டாம். படித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் போடுங்கள். வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தப் பயத்தை என்ன செய்வது என்பதைப் பற்றி இப்போதே பேசுவோம். இரவு பத்தரை வரை இந்த இடத்துக்கு வாடகை கொடுத்திருக்கிறோம்.