அசையாத மலையும் அசையும் பரப்பும்

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் திருவண்ணாமலைக்கு அருணாசலம் என்றும் பெயர். அசலம் என்றால் அசையாதது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அதன் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி, வ.உ.சி. நகரில் 7 பேர் உயிரிழந்தனர். “மலை எப்படி சார் நகரும்?” என்று கேட்கும் மாணவருக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? நம் பாடத்தில் கூம்பும் கோளமும் வரைந்தபடியே நிற்கின்றன. காலத்தோடு மாறும் பரப்புக்கும் கணக்கு உண்டு. சராசரி தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கோர் எண் கொடுங்கள். அது அந்த இடத்தின் உயரம். மணி அடித்ததும், ஒவ்வொருவரும் பக்கத்து இருவரின் சராசரியை நோக்கிப் பாதி தூரம் நகர வேண்டும். 10, 12, 10 என்றால் நடுவில் இருப்பவர் 11 ஆவார். 10, 8, 10 என்றால் 9. மேடு தணியும், பள்ளம் நிரம்பும். (எல்லோரும் பழைய எண்ணை வைத்தே கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் கூச்சல்தான் மிஞ்சும்!) பன்னிரண்டாம் வகுப்பில் இதையே, உயரம் மாறும் வீதம் அதன் இரண்டாம் வகைக்கெழுவுக்கு நேர்விகிதம் என்று எழுதலாம். வெப்பம் பரவுவதற்கு ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலில் உள்ள சமன்பாடும் இதுவே. குன்றின் உச்சி ஏன் உருண்டிருக்கிறது என்பதை அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் 1909இல் மண்ணின் மெதுவான நகர்வைக் கொண்டு விளக்கினார்.

ஆனால் 0, 100, 200 என்று கொடுத்துப் பாருங்கள். நடுவில் இருப்பவர் அசையவே மாட்டார். நேரான சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் இந்தச் சமன்பாடு பேசாது. ஆபத்து இருப்பதோ அங்கேதான். மழைநீர் புகுந்தால் மண்ணின் எடை கூடுகிறது, துகள்களின் பிடிப்பு தளர்கிறது.

எனவே இரண்டாவது விதி: வேறுபாடு 5ஐத் தாண்டினால் மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு 2 கொடுக்க வேண்டும். 16, 12, 8, 4, 0 என்று ஐவரை நிறுத்தினால் யாரும் அசைய மாட்டார்கள். “மழை!” என்று சொல்லி, 5ஐ 3 ஆக்குங்கள். எவர் எண்ணையும் நாம் தொடவில்லை. எல்லோரும் கொடுக்கத் தொடங்குவார்கள். நான்காம் மணியில் 12, 10, 8, 6, 4 என்று நிற்கும். அடிவாரத்தில் வெறுங்கையோடு நின்றவரிடம் இப்போது 4.

வ.உ.சி. நகர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், மணி அடிக்கும் முன் அவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.