அன்னா மணிக்குக் கிடைக்காத பட்டம்

(மைசூர் அக்ரஹாரத்தில் நடந்த நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அக்ரஹாரம் என்றால், அந்தக் காலத்தில் படித்த பிராமணர்களுக்கு அரசர்கள் மானியமாக விட்ட குடியிருப்பு. அந்தப் பெயருள்ள இடத்தில், மூட்டை தூக்கியும் செங்கல் சுமந்தும் பிழைக்கும் நாம் கூடியிருக்கிறோம். படிப்பு யாருடைய மானியமும் அல்ல என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

பௌதிக விஞ்ஞானி அன்னா மணி 1918-ல் திருவிதாங்கூர் பீர்மேட்டில் பிறந்தார். அந்த மலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளப் போனவர்கள் நம் மக்கள். ஆனால் அவர் கூலி வீட்டுப் பெண் அல்ல. தகப்பனார் பொறியாளர், ஏலத்தோட்டம் உடையவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத் தோடு கொடுத்தார்களாம். தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள் என்றாராம் அந்தச் சிறுமி.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-ல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மறு ஆண்டு, மைசூர் அரசு கொடுத்த நிலத்தில் எழுந்த பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து, சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வேண்டாமென்று தள்ளிய வைரமே அங்கே ஆராய்ச்சிப் பொருளாயிற்று! வைரத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, அது உமிழும் ஒளியைப் பிரித்துப் புகைப்படத் தகட்டில் பதிய வேண்டும். ஒரு படத்துக்கு 15, 20 மணி நேரம். பல இரவுகள் அங்கேயே கழிந்தன. ஐந்து கட்டுரைகளைத் தனி ஆளாக எழுதி வெளியிட்டார்.

1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். வந்த பதில் என்ன? எம்.எஸ்ஸி. இல்லை, ஆகவே டாக்டர் பட்டம் இல்லை! செய்த வேலையை விடக் கையிலில்லாத காகிதம் பெரிதாகப் போயிற்று. அந்த ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் தங்கிவிட்டது.

அவர் தங்கிவிடவில்லை. அதே ஆண்டு அரசு உதவித்தொகையில் லண்டன் சென்றார். கிடைத்தது வானிலைக் கருவிகளில் பயிற்சி. அதையே கற்றார். 1948-ல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். சாதாரணக் கருவிக்கும் வெளிநாட்டை நம்பியிருந்த காலம் அது. ஏறத்தாழ 100 கருவிகளுக்கு வரைபடம் வகுத்து, இங்கேயே செய்ய வழி காட்டினார். 1957-58-ல் வெயிலின் அளவைக் கணக்கிட நிலையங்கள் அமைத்தார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-ல் ஓய்வு பெற்றார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி 1980-லும் 1981-லும் அவர் வெளியிட்ட நூல்கள் சூரியசக்தித் துறைக்கு ஆதாரமாயின. 2001-ல் மறைந்தார், டாக்டர் பட்டம் இல்லாமலேயே.

தோழர்களே, வசதியுள்ள வீட்டுப் பெண்ணையே ஒரு காகிதம் மறித்தது. ஊர் விட்டு வந்த நம் பிள்ளைகளின் கதி என்ன? தமிழ்நாட்டில் வாங்கிய பட்டியல் சாதிச் சான்று கர்நாடக அரசின் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. இதை நம்மில் பலர் கல்லூரி வாசலில் நிற்கும்போதுதான் அறிகிறோம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். எந்தப் படிப்புக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே விசாரியுங்கள். சங்கத்துக்கு வந்து கேளுங்கள். காகிதம் வரவில்லை என்று பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டு வேலைக்கு அனுப்பாதீர்கள். விதியை மாற்ற நாம் போராடுவோம். பிள்ளைகள் அதுவரை காத்திருக்க வேண்டாம், படிக்கட்டும்.