நடுச்சுவருக்கு அப்புறம் யார்?

(எறையூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப்போவது வீடு விற்கிற சங்கதி. பகுத்தறிவு மேடையில் தரகு பேசுவதா என்று சிலர் சிரிக்கலாம். தரகுதான், ஆனால் கமிஷன் இல்லாத தரகு.

இந்த எறையூருக்கு முன்பு சர்க்கரை ஆலையை நம்பி ஆள் வந்தார்கள். 2022-ல் சிப்காட் தொழிற்பூங்கா திறந்தபின் செருப்புத் தொழிற்சாலையை நம்பி வருகிறார்கள். வந்தவர்களுக்கு வீடு வேண்டும். பழைய வீட்டைப் பழுதுபார்த்து, நடுவில் சுவர் வைத்து, இரண்டு குடித்தனத்துக்கு ஆக்கி விற்பது எந்த ஊரிலும் நடப்பதே.

வாங்குகிறவன் என்ன கேட்க வேண்டும்? பட்டா யார் பேரில், வில்லங்கம் உண்டா, நடுச்சுவர் யாருக்குச் சொந்தம், போர் தண்ணீர் கோடையில் நிற்குமா, பூச்சுக்கு உள்ளே சுவர் விரிந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். நம் ஜனங்களோ வாசல் எந்தத் திசை என்று கேட்கிறார்கள். அதைவிடப் பெரிய கேள்வியை விற்கிறவர் கேட்கிறார்: “நீங்கள் எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?” தெருவைச் சொன்னால் ஜாதி தெரிந்துவிடும் அல்லவா! பட்டணத்தில் இன்னும் நாகரிகமாக, “சைவம் மட்டும்” என்று பலகை எழுதி மாட்டுகிறார்கள். அவருக்குக் கவலை கத்தரிக்காயைப் பற்றியா, தோழர்களே?

இப்படி ஒரு வீட்டின் கதை அமெரிக்காவில் உச்சநீதிமன்றம் வரை போயிற்று. செயின்ட் லூயிஸ் நகரத்தில் லபாடி என்னும் தெரு. அங்கே மாடியும் கீழுமாக இரண்டு குடும்பம் இருக்கத்தக்க செங்கல் வீடு ஒன்றை 1945-ல் ஷெல்லி என்ற கறுப்பர் குடும்பத்தார் வாங்கினார்கள். 1911-லேயே அப்பகுதிச் சொந்தக்காரர் 39 பேரில் 30 பேர் கூடி, ஐம்பது வருஷத்துக்குக் கறுப்பரும் மங்கோலிய இனத்தாரும் அங்கே குடியிருக்கக் கூடாதென்று பத்திரம் எழுதியிருந்தார்கள். ஷெல்லிக்கு அது தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அப்பத்திரம் எழுதிய நாளிலேயே அப்பகுதியில் ஐந்து மனை கறுப்பருக்குச் சொந்தம்; அதில் ஒன்றில் 1882 முதலே கறுப்பர் குடியிருந்தார்கள். முப்பது வருஷம் பக்கத்தில் இருந்தும் வானம் இடிந்து விழவில்லை. பத்திரம் மாத்திரம் பிறந்துவிட்டது!

கிரேமர் என்பவர் வழக்குப் போட்டார். மிசௌரி மாகாண உயர்ந்த நீதிமன்றம் ஷெல்லிக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. 1948 மே 3-ல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. ஒன்பது நீதிபதிகளில் மூவர் இவ்வழக்கில் உட்காரவில்லை. மற்ற ஆறு பேரும் ஒருமனதாகச் சொன்னது இது: நீங்கள் தனியாய் எப்படி வேண்டுமானாலும் ஒப்பந்தம் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் சர்க்காரின் கோர்ட்டைக் கொண்டு அதை நிறைவேற்றிக் கொடுக்க முடியாது, அது சம உரிமைக்கு விரோதம். நிறத்துக்காகவும் மதத்துக்காகவும் வீடு விற்க மறுப்பதையே தடைசெய்யும் சட்டம் அங்கே 1968-ல்தான் வந்தது. லபாடி தெரு வீடோ 1990-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

இங்கே நடந்தது என்ன? அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தானத்து உத்தியோகத்துக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். சங்கதி தெரிந்ததும் தடியோடு கூட்டம் வந்து வெளியேற்றியது. அவ்வளவு படிப்பும் ஒரு அறைக்கு வாடகை உரிமை வாங்கித் தரவில்லை! அது அந்தக் காலம் என்பீர்கள். 2005-ல் ஆமதாபாத்தில் உள்ள ஒரு பார்சி வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை வைத்துக்கொள்ளலாம் என்று நம் உச்சநீதிமன்றமே சொல்லிற்று. பார்சிகளை நாம் குறை கூறவில்லை. ஆனால் இந்த நியாயத்தை நம் ஊர் மேல்ஜாதிச் சங்கம் ஒன்று கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

“வேறு ஜாதிக்காரன் வந்தால் வீட்டு விலை இறங்கிவிடுமே” என்று ஒரு நண்பர் கேட்டார். லபாடி தெருக்காரர்களைப் போன்றவர்களும் இதைத்தான் சொன்னார்கள். வாங்க வந்த பத்துப் பேரில் எட்டுப் பேரை வாசலிலேயே துரத்தினால் விலை ஏறுமா, இறங்குமா? சந்தையில் மாடு விற்கிறவன் கூட இப்படிச் செய்யமாட்டான்.

கலந்து வாழ முடியாது என்பவர்களுக்கு நம் மாகாணத்திலேயே பதில் இருக்கிறது. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறந்தார்கள். நூறு வீடு, 40 ஆதிதிராவிடர், 25 பிற்பட்டோர், 25 மிகவும் பிற்பட்டோர், 10 ஏனையோர். தெருவுக்கு ஒரு ஜாதி என்று பிரிக்கவில்லை. ஒரே குழாய், ஒரே சமுதாயக்கூடம், ஒரே சுடுகாடு. அதுபோல் இருநூறுக்கு மேல் கட்டினார்கள். இடையில் ஓடு உடைந்து சுவர் காரை பெயர்ந்து கிடந்தவைகளை 2021-க்குப் பின் பழுதுபார்க்க எடுத்துக்கொண்டார்கள். காரை பெயர்ந்ததற்குக் காரணம் கவனிப்பின்மை. பக்கத்து வீட்டுக்காரன் ஜாதி அல்ல.

ஆனால் சர்க்கார் கட்டிக்கொடுத்தது இருநூற்றுச் சொச்சம் குடியிருப்பு. மற்ற வீடெல்லாம் நம் கையில் இருக்கிறது. இக்கூட்டத்தில் வாடகை வீடு வைத்திருப்பவர்களும் விற்க நினைப்பவர்களும் இருப்பீர்கள். தொழிற்சாலைக்கு வந்த ஒரு பெண் நாளைக் காலையில் உங்கள் கதவைத் தட்டினால், முன்பணம் எவ்வளவு, எத்தனை பேர் குடியிருப்பார்கள், தண்ணீர்க் கட்டணம் யார் கட்டுவது என்று கேளுங்கள். தெருவைக் கேட்காதீர்கள்.

மேடைக்குச் சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒன்றில், “கக்கூஸ் பொதுவாயிருந்தால் என்ன செய்வது?” என்று எழுதியிருக்கிறது. முறை வைத்துக் கழுவுங்கள், தோழரே! அடுத்த சீட்டு.