ரொட்டியும் தராசும்

ஒரு பண்டத்தின் விலை ஏறினால் அதே அளவுக்குக் கூடுதலான காசு கொடுக்கிறோம். இதுவே நாம் அறிந்த வழக்கம். ஆனால் இங்கிலாந்தில் ரொட்டியைப் பொறுத்தவரை சில நூற்றாண்டுகள் இதற்கு நேர்மாறான முறை நிலவியது. விலை அசையாது நின்றது. ரொட்டியின் எடைதான் கூடியும் குறைந்தும் வந்தது.

இம்முறையை வகுத்தது மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்துச் சட்டம். அதன் ஆண்டு 1266 என்று பொதுவாகக் குறிப்பர். இப்படியொரு விந்தையான ஏற்பாடு எதற்காக? அந்நாளில் ஏழையின் கையில் இருந்த மிகச் சிறிய காசு காற்பென்னி. கோதுமை விலை சிறிது ஏறினால், அந்தச் சிறிய ஏற்றத்தைக் கொடுக்க அதனினும் சிறிய காசு இல்லை. ஆகவே காசை விட்டுவிட்டு ரொட்டியை மாற்றினார்கள்.

கணக்கு மிக எளியது. ஒரு 'குவார்ட்டர்' கோதுமை 12 பென்னியிலிருந்து 18 பென்னியாக உயர்ந்தால், காற்பென்னி ரொட்டியின் எடை மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். வெண்மையான உயர்தர ரொட்டிக்கு ஓர் எடை. தவிடு நீக்காத முரட்டு ரொட்டிக்கு அதனினும் மிகுந்த எடை. ஆகவே வெண்மையை நாடாத ஏழைக்கு அதே காசில் வயிறு நிறைந்தது.

ரொட்டி சுடுபவரையும் சட்டம் மறந்துவிடவில்லை. ஒரு குவார்ட்டர் கோதுமைக்கு 4 பென்னி ஆதாயமும், தவிடும், இரண்டு ரொட்டியும் அவருக்கு உரியவை. வேலையாட்களின் கூலி, உப்பு, விறகு, மெழுகுவத்தி ஆகியவற்றின் செலவும் தனித்தனியே கணக்கிடப்பட்டது. உழைப்பவரை நட்டப்படுத்திவிட்டு உண்பவரைக் காக்க முடியாது என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது.

எடை குறைத்தவர் நிலை என்ன? லண்டன் மாநகரில் முதல் குற்றத்திற்கு, குறைந்த ரொட்டியைக் கழுத்தில் கட்டி, சட்டத்தின்மேல் கிடத்தித் தெருத்தெருவாக இழுத்துச் சென்றார்கள். இரண்டாம் முறை, கழுத்தையும் கைகளையும் பலகைத் துளைகளில் மாட்டி ஊரார் முன் நிறுத்தினார்கள். மூன்றாம் முறை அடுப்பையே இடித்து, இனி அந்நகரில் இத்தொழில் செய்வதில்லை என்று ஆணையிடச் செய்தார்கள்.

இவ்வளவு கடுமையிலும் சூழ்ச்சி ஒழியவில்லை. ஊரார் தாம் பிசைந்த மாவைச் சுடுவதற்காகக் கொடுக்கும் வழக்கம் அன்று இருந்தது. 1327-ஆம் ஆண்டில் லண்டன் ரொட்டிக்காரர் சிலர் தம் மேசையில் துளையிட்டு, கீழே ஆளை ஒளித்து வைத்து, அந்த மாவைச் சிறிது சிறிதாகக் கிள்ளியெடுத்தது அம்பலமாயிற்று.

மாவைக் கிள்ளினால் தராசாவது காட்டிக்கொடுக்கும். தராசுக்கும் எட்டாத குற்றம் ஒன்று உண்டு, அதுதான் கலப்படம். மட்டமான மாவை வெண்மையாகக் காட்டப் படிகாரம் சேர்த்தார்கள். எடை சரியாக இருந்தது, உணவுதான் கெட்டது. 1820-ஆம் ஆண்டில் பிரெடரிக் அக்கும் என்ற வேதியியல் அறிஞர் இத்தகைய கலப்படங்களை நூலெழுதி வெளிப்படுத்தினார்.

இதற்கிடையே, போட்டியே விலையைச் சீர்செய்யும் என்ற கருத்து வலுத்தது. பழைய முறை முதலில் லண்டனிலும், பின்னர் ஏனைய ஊர்களில் 1836-இலும் முடிவுற்றது. கலப்படமோ முடியவில்லை. 1860-ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டம் பிறந்தது. ஆனால் ஆய்வாளரை நியமிப்பது கட்டாயமாகாததால் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1875-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே காவல் வலுப்பெற்றது.

நண்பர்களே, விலையைக் காசு காட்டும். எடையைத் தராசு காட்டும். தரத்தைக் காட்டுவதற்கோ அறிவியலும், அதை நேர்மையாகப் பயன்படுத்தும் அதிகாரிகளும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த இழப்பு ஏழையின் தட்டில்தான் விழுகிறது. ரொட்டியின் வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி இதுவே.