நலவாழ்வுப் பணியில் நம் மாணவர்



1927-இல் மகாடு நகரின் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகினார். நீருரிமையே நலவாழ்வின் முதற்படி.

1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில், இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கல்லூரி புகும் நம் பிள்ளைகள் சேர்தல் வேண்டும். முகாமில் தெருக்கூட்டும் முறை வருங்கால், எல்லா மாணவர்க்கும் அது சமமாக வருக! துடைப்பத்தோடு கேள்வியையும் நம் பிள்ளைகள் ஏந்துக!

சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி பிறர் புண்ணை ஆற்றுகிறது. நூற்பாலைப் பஞ்சுத் தூசியோ தொழிலாளரின் நுரையீரலைக் கெடுக்கவல்லது. அத்தூசியை அளந்தவர் யார்? கையால் மலமள்ளச் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அச்சட்டத்தை நம் தெருவில் படித்துச் சொல்பவர் யார்?

அப்பணி நம்முடையதே. கற்றவர் முன்வருக!